கார்டில் இருப்பவர்களும் ஊரில் இருப்பவர்களும்

எழுத்து கோணலாக இருக்கும், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். சத்துணவு மையத்தில் இருந்த காலத்தில்கூட அரிசிக் கணக்கு, பருப்புக் கணக்கு எல்லாம் அமைப்பாளர் அம்மாதான் எழுதுவார். நான் கையெழுத்து மட்டும் போடுவேன். இப்போது மறதியும் வந்துவிட்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர்தான் எழுதச் சொன்னார். ஆண்டு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். அதில் நம் ஊர் எங்கே இருக்கிறது, என்னென்ன தெரு, எத்தனை ஜனம் என்று ஒருவர் எழுத வேண்டுமாம். "ஆயாம்மா, நீங்க சோறு போடாத வீடு இந்த ஊருல ஏது? நீங்களே எழுதித் தாங்க" என்றார். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது, நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதும்போது யாரும் நம் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

எங்கள் ஊர் திண்டுக்கல்லுக்குத் தெற்கே, கொடைரோட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது. ரயில் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகும், நிற்காது. கிழக்கே சிறுமலை. மேற்கே வெகுதூரத்தில் கொடைக்கானல் மலை. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் பார்த்தால் வடக்கே திண்டுக்கல் மலைக்கோட்டை ஒரு பானையைக் கவிழ்த்துவைத்த மாதிரி தெரியும். இரண்டு பக்கமும் மலை இருப்பதால் மழை எங்களுக்குத்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். மேகம் இந்த மலைக்கும் அந்த மலைக்கும் போய் வரும், நடுவில் எங்களைக் கவனிக்காது. சிறுமலைத் தண்ணீர் வந்து சேர வேண்டிய கண்மாய் ஒன்று ஊருக்குக் கிழக்கே உண்டு. அதில் தண்ணீரைவிடச் சீமைக்கருவேல்தான் அதிகம்.

நாலுவழிச் சாலை போட்டபோது ஊரை இரண்டாக அறுத்துவிட்டார்கள். ரோட்டுக்கு மேற்கே மேலத்தெரு, சர்ச் தெரு, பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடம். கிழக்கே நான் இருக்கிற கீழத்தெரு, காலனி, சுடுகாடு. கீழத்தெருக்காரர்கள் பள்ளிக்கூடம் வர ரோட்டுக்கு அடியில் போகிற பாலத்தில் குனிந்து வர வேண்டும். அதற்கும் தெற்கே பிளாட் போட்டு மஞ்சள் கல் நட்ட காடு. முன்னால் அதில் திராட்சைப் பந்தல் இருந்தது. ஏதோ நகர் என்று வளைவு வைத்திருக்கிறார்கள். வளைவு இருக்கிறது, நகர் இல்லை. வடக்கே நூல் மில். மில்லுக்குப் பின்னால் தகரம் போட்ட வரிசை வீடுகள், அவற்றில் வடநாட்டுப் பிள்ளைகள்.

இவ்வளவுதான் ஊர். இனி ஜனத்தொகை. இங்கேதான் எனக்குச் சிக்கல்.

எனக்குத் தெரிந்த ஜனத்தொகை சோற்றுக் கணக்குத்தான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இரண்டு பேர் சேர்ந்து தூக்கி இறக்குகிற அண்டாவில் சோறு வடிப்போம். அப்புறம் நடு அண்டா. நான் ஓய்வு பெறுகிற வருஷம் பெரிய குக்கர் ஒன்று போதுமானதாக இருந்தது. அந்த அண்டாவை இப்போது கவிழ்த்துப் போட்டு அதன்மேல் முட்டை அட்டைகளை அடுக்கியிருக்கிறார்கள். பிள்ளை குறைந்தால் ஊர் குறைந்தது என்றுதானே அர்த்தம். ஆனால் ரேஷன் கடையில் கேட்டால் ஊர் குறையவே இல்லை என்பார்கள். கார்டுகளில் எல்லோரும் இருக்கிறார்கள்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். கட்டிக்கொடுத்த பெண்கள் போக, எங்கள் ஊரில் கார்டிலிருந்து பெயரை எடுப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். ஆள் செத்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்து, இறப்புச் சர்டிபிகேட் வாங்கி, அதற்கப்புறம் எடுப்பார்கள். உயிரோடு இருக்கிற ஆள் திருப்பூர் போகட்டும், துபாய் போகட்டும், அங்கேயே வீடு கட்டிப் பேரன் எடுக்கட்டும், இங்கே பெயர் இருக்கும். எடுத்தால் ஆகாது. என் வீட்டுக்காரர் இறந்தபோது பழைய புத்தகக் கார்டு. கடைக்காரர் சிவப்பு மசியால் அவர் பெயர்மேல் ஒரு கோடு போட்டார். ஸ்கேல் வைத்து நேராகப் போட்டார். அவரைக் கொண்டுபோய் எரித்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

எதிர்வீட்டு மதினி இதைச் சிரிப்பாகச் சொல்வாள். "எங்க வீட்டுல கார்டுல ஏழு பேரு. சட்டியில ரெண்டு பேரு. மிச்ச அஞ்சு பேருக்கும் சேத்து நாந்தேன் திங்கிறேன், பாரு ஒடம்ப" என்பாள். அவளுடைய மூன்று மகன்களும் வெளியூரில். யாராவது வந்து கேட்டால், "இங்கதேன் இருக்காங்க, செத்த முன்னாடிதேன் வெளிய போனாங்க" என்று அடித்துச் சொல்வாள். அவளுக்காக நான் சொல்வேன், எனக்காக அவள் சொல்வாள். எல்லாத் தெருவிலும் அப்படித்தான். ஒரு வீட்டு ஆளை இன்னொரு வீடு விட்டுக்கொடுக்காது.

என் மகன் முறுக்குக் கம்பெனிக்கு ஆந்திராப் பக்கம் போனான். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் போவார்கள். வடக்கே ஏதாவது ஒரு ஊரில் கொட்டகை போட்டு, முறுக்கும் மிட்டாயும் சுட்டு, கடை கடையாகக் கொண்டுபோய்ப் போடுவார்கள். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் போனான். பிள்ளை கிடையாது. முதல் வருஷம் வாரம் ஒருமுறை போன் வரும். அப்புறம் மாதம் ஒருமுறை. அப்புறம் நாங்கள் போட்டால் அடிக்கும், எடுக்க மாட்டான். அதற்கப்புறம் ஒரு பொம்பளைக் குரல் தெரியாத பாஷையில் ஏதோ சொல்லும். அவனோடு போனவர்கள், அவன் அந்தக் கம்பெனியை விட்டு வேறு ஆளோடு போய்விட்டான் என்றார்கள். அவ்வளவுதான் தெரியும். ஏழு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

மருமகள் என்னோடுதான் இருந்தாள். பிறந்த வீட்டில் வந்து கூப்பிட்டும் போகவில்லை. விடியலில் பூ எடுக்கப் போவாள், வந்து சமைப்பாள். நான் அதிகம் பேச மாட்டேன், அவளும் பேச மாட்டாள். இரண்டு பேர் இருக்கிற வீடு என்று வெளியே தெரியாது.

நான் ஓய்வு பெற்றபின் சத்துணவில் என் இடம் காலியாகக் கிடந்தது. அதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் மருமகள் மனுப் போட்டாள். விதவைகளுக்கும், புருஷன் கைவிட்ட பெண்களுக்கும் அதில் முதல் இடம் கொடுப்பார்கள். அதற்கு ஒரு சர்டிபிகேட் வேண்டும், புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று. தாலுகா ஆபீஸில் எழுதிக் கொடுத்தாள். ஊரில் வந்து விசாரித்துவிட்டுத் தருவோம் என்றார்களாம்.

அன்றைக்குத்தான் அவள் என்னிடம் முகம் பார்த்துப் பேசினாள். கொத்தமல்லி கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

"அத்த, விசாரிக்க ஆளு வருவாங்க. ஆறு வருசமா வரல, போனும் இல்ல, அம்புட்டுத்தேன். நீங்க வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

"சரிம்மா."

"பூவுக்குப் போயி முதுகு போச்சு அத்த. இது கெடச்சா நிழல்ல நிக்கிற வேல. பிள்ளைகளும் இருக்கும்."

"சரிம்மா, சொல்றேன்" என்றேன். பிள்ளைகளும் இருக்கும் என்று அவள் சொன்னதை நான் மறக்கவில்லை. மற்றது மறந்தாலும் அது நினைவிருக்கிறது.

முற்றம் பெருக்கும்போது மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆறு வருசமா வரலைங்கய்யா. போனும் இல்லைங்கய்யா. பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி.

கிராம நிர்வாக அலுவலரும் கூட ஒரு உதவியாளரும் வந்தபோது மருமகள் பூந்தோட்டத்தில் இருந்தாள். நான் கதவை ஒட்டி நின்றேன். வெயிலில் வந்திருக்கிறார்கள், தண்ணீர் கொடுக்கலாமா, நம் வீட்டில் குடிப்பார்களா என்று யோசித்தேன். அதற்குள் அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"ஆத்தா, ஒங்க மருமக மனுக் குடுத்துருக்கு. புருசன் விட்டுட்டுப் போயிட்டான்னு. நெசந்தானா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி தெருவைத் தாண்டி வந்துவிட்டாள்.

"யாரு சார் சொன்னது? போன பொங்கலுக்குக்கூட வந்தானே! தோள்ல பெரிய பையி. நாந்தேன் மொதல்ல பாத்தேன். எலே வந்துட்டியாலேன்னு கேட்டேன்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"எங்கண்ணு என்ன பொட்டக்கண்ணா? ஆம்பள பொழைக்கப் போயிருக்கான், அதப் போயி விட்டுட்டுப் போனான்னு எழுதிக் குடுத்துருக்காளே, இவள என்ன சொல்ல. கோவத்துல எழுதிருப்பா சார், சின்னஞ்சிறுசு."

பின்னால் நின்றவர்களும் ஆமா, ஆமா என்றார்கள். டீக்கடைக்காரர், தன் கடையில் அவன் டீ குடித்ததாகவே சொன்னார். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. என் வீட்டு மானத்தை ஆளுக்கு ஒரு கை கொடுத்துத் தூக்கிப் பிடித்தார்கள். அவ்வளவு பேரும் அவன் வந்தான், வந்தான் என்று சொல்லும்போது, அவன் நிஜமாகவே பையைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்துக்கு அடியிலிருந்து குனிந்து வருகிற மாதிரி எனக்குத் தெரிந்தது. அந்தப் பையின் நிறம்கூடத் தெரிந்தது.

"நீங்க சொல்லுங்கத்தா. பெத்தவ நீங்க."

"வந்து போறான்யா" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். என்னிடம் கையெழுத்து வாங்கினார். நாலு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மருமகள் மத்தியானம் வந்தாள். தெருமுனையிலேயே மதினி பிடித்துக்கொண்டாள். "ஒம் மானத்தக் காப்பாத்திப்புட்டேன்டி. என்ன எழுதிக் குடுத்து வச்சிருக்க கிறுக்கச்சி!" என்று சிரித்தது எனக்கு உள்ளே கேட்டது. மருமகள் வீட்டுக்குள் வந்து பூக்கூடையைச் சுவரோரம் வைத்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க அத்த?"

நான் அவள் வைத்த கூடையை எடுத்து நகர்த்தி வைத்தேன். அவள் அடுப்படிக்குப் போனாள். குழம்பு வைத்தாள். அவரைக்காய் வெஞ்சனம் வைத்தாள். தட்டில் போட்டு என் முன்னால் வைத்து, "சாப்பிடுங்க" என்றாள். திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன்.

நான் செய்தது தப்பு என்று எனக்கு அப்போதே தெரியும். எழுதுகிற இடத்தில் சாக்குச் சொல்லக் கூடாது. ஊர்க்காரர்கள் பாசத்தில் சொன்னார்கள், அந்தச் சர்டிபிகேட் எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அவள் என்னிடம் கேட்டுக்கொண்டது அந்த ஒன்றுதான்.

மறு வாரம் நானே பஸ் ஏறித் தாலுகா ஆபீஸ் போனேன். தனியாகப் பஸ் ஏறி எத்தனையோ வருஷம் இருக்கும். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தேன். உள்ளே போகிறவர்கள் எல்லாம் விறுவிறு என்று போகிறார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு கவர். என் கையில் ஒன்றும் இல்லை. யாரிடம் போய் என்ன சொல்வது என்று தெரியாமல் மத்தியானம் வரை இருந்துவிட்டு வந்துவிட்டேன். மருமகள் எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை. இரண்டாம் முறை போனபோது ஒரு போலீஸ்காரர், "யாரப் பாக்கணும் பாட்டி?" என்று கேட்டு உள்ளே அனுப்பினார். மேஜையில் இருந்தவர் கட்டைப் புரட்டி எடுத்தார்.

"பையன் வந்து போறான்னு நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க?"

"அது பொய்ங்கய்யா. அவன் வரல."

"இதுல நாலு பேரு சாட்சி இருக்கே."

"அதுவும் பொய்தாங்கய்யா."

"ஊரே பொய் சொல்லுச்சு, நீங்க மட்டும் இன்னைக்கு நெசம் சொல்ல வந்தீங்களாக்கும்" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கோபக்காரர் இல்லை. அப்புறம் பொறுமையாகத்தான் சொன்னார். கார்டிலும் மகன் பெயர் இருக்கிறது, ஓட்டு லிஸ்டிலும் இருக்கிறது, விசாரணையிலும் இருக்கிறான். காணாமல் போனான் என்றால் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து அந்த ரசீதைக் கொண்டு வாருங்கள், புது மனுவாகப் போடுங்கள், மறுபடி விசாரிப்போம் என்றார். நான் தலையாட்டினேன். போலீஸ் ஸ்டேஷன் வாசல் வரை போனேன். காணவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அப்புறம் தேடுவார்கள். தேடினால் ஏதாவது ஒன்று கிடைக்கும். அது என்னவாக இருக்குமோ. திரும்பிவிட்டேன். இதை நான் மருமகளிடம் இன்று வரை சொல்லவில்லை.

அதற்குள் அந்த வேலைக்கு ஆள் போட்டாயிற்று. பக்கத்துக் கிராமத்துப் பெண், புருஷன் இறந்தவள், இரண்டு பிள்ளைகள். நல்ல பெண். பாத்திரத்தைச் சுத்தமாக வைத்திருக்கிறாள். அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மருமகள் பல்லடம் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். போகிற அன்று பஸ் ஸ்டாப்பில் மதினி அவளிடம், "மாசம் ஒருக்கா வந்துரு, கெழவி தனியாக் கெடக்கும்" என்றாள். "பாப்பம்" என்றாள் மருமகள். என்னிடம் மட்டும் "வாரேன் அத்த" என்றாள். பஸ்ஸில் ஏறி அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்துகொண்டாள்.

எட்டு மாதம் கழித்துப் போன் பண்ணினாள். நன்றாக இருக்கிறேன் என்றாள். அவளுக்கு ஒரு துணை கிடைத்திருக்கிறது என்று குரலிலேயே எனக்குப் பட்டது. நான் கேட்கவில்லை. "அத்த, இங்க கார்டு போடணும். அங்க எம் பேர எடுத்தாத்தான் போடுவாங்களாம். எடுத்து விட்டுருங்க" என்றாள். இந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று மறுநாளே இ-சேவை மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் கேட்டாள், "பாட்டி, என்ன காரணம்னு போடணும். இறப்பா?"

"இல்லம்மா, இல்லம்மா. நல்லா இருக்கா" என்றேன். அவள் ஏதோ தட்டினாள். முடிஞ்சது பாட்டி என்றாள். பிழைக்கப் போய் உயிரோடு இருக்கிற ஆளின் பெயரை எங்கள் தெருவில் முதலில் எடுத்தவள் நான்தான். மதினி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இப்போது மில் பக்கம்தான் ஜனம் அதிகம். வரிசை வீடுகளில் ஒடிசாப் பிள்ளைகள், பீகார்ப் பிள்ளைகள். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவர்கள் பேச்சுத்தான் கேட்கும். கறிவேப்பிலை வாங்க வருகிற ஒரு பையனிடம் மதினி கையைக் காலை ஆட்டி, ஊரில் உன் பெயர் இருக்கிறதா என்று கேட்டாள். அவன் புரிந்துகொண்டு, "இருக்கு அக்கா, அம்மா கார்டு, நம்ம பேர் இருக்கு" என்றான். அவனை அங்கேயும் எண்ணுவார்கள். இங்கே இருக்கிறவர்களில் அவனை எண்ண வேண்டுமா, கூடாதா என்று டீச்சர்தான் முடிவு செய்ய வேண்டும். என் மகனையும் எங்கேயாவது ஒரு தகர வீட்டு வரிசையில் யாராவது எண்ணியிருக்கலாம். எண்ணாமலும் விட்டிருக்கலாம்.

போன மாதம் ரேஷன் கடையில் புதிதாக ஒன்று சொன்னார்கள். கார்டில் இருக்கிற ஒவ்வொருவரும் நேரில் வந்து மிஷினில் விரலை வைக்க வேண்டுமாம். வைக்காதவர் பெயர் தானாகவே போய்விடுமாம். கோடு போடுவதில்லை, இருந்த இடமே தெரியாமல் போய்விடும் என்றார் கடைக்காரர். நான் என் விரலை வைத்தேன். தேய்ந்துபோன விரல், மூன்று தடவை வைத்த பிறகுதான் எடுத்தது. "மகன் எப்ப வருவாரு பாட்டி?" என்று கேட்டார். பின்னால் மதினி நின்றாள். இந்தத் தடவை அவள் ஒன்றும் சொல்லவில்லை. தன் மூன்று மகன்களுக்கும் போன் பண்ணி, அவர்கள் லீவு இல்லை என்று சொன்ன கவலை அவளுக்கு. அரிசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு பெயரை எடுக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்து, இருந்த பெண்ணை அனுப்பிவிட்டேன். அந்தப் பெயரும் கடைசித் தேதி வந்தால் போய்விடும். நான் என்ன செய்தாலும் போய்விடும்.

எங்கள் தெருவுக்கு எத்தனை பேர் என்று வீடு வீடாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். என் வீட்டுக்கு நேரே எழுதாமல் விட்டிருக்கிறேன். தெருக்களையும் திசைகளையும் நினைவில் இருந்து எழுதினேன், தப்பு இருக்கும். டீச்சரோ வேறு யாராவதோ சரிபார்த்துத் திருத்திக்கொள்ளவும். அப்படியே ரேஷன் கடைப் பக்கம் போகிறவர்கள், என் கார்டில் இரண்டாவது பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும். கார்டு என்னிடம்தான் இருக்கிறது, கொடுத்து விடுகிறேன். எனக்குப் போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. பார்த்தபின் என் வீட்டுக்கு நேரே எத்தனை என்று அவர்களே எழுதிவிடலாம்.